கம்பு அளந்த கூலி

அப்பு,

உன் கடுதாசி செவ்வாக்கிழமை வந்துச்சு. தபால்காரரு சைக்கிளை நிறுத்துறதுக்குள்ள உங்க அய்யா "மெட்ராஸ்ல இருந்தா?"ன்னு கேட்டுட்டாரு. இப்ப அவருக்கு ரெண்டு கண்ணுலயும் பொரை விழுந்து எழுத்து தெரியாது. தெரிஞ்ச காலத்துலயும் கையெழுத்துப் போடுறதைத் தாண்டி அவரு படிச்சதில்லைன்னு உனக்கே தெரியும். நான் திண்டுக்கல்ல எட்டாவது வரைக்கும் படிச்சவங்கிறதால, இந்த வீட்டுக்கு வந்த எல்லாக் காயிதத்தையும், சர்க்கார் காயிதம் உள்பட, நான்தான் வாசிச்சுச் சொல்லிருக்கேன். உன்னோடதையும் வாசிச்சேன். கல்யாணத் தேதி, பொண்ணு வீட்டுக்காரங்க பிடிச்ச மண்டபம், நம்ம ஆளுங்க எந்த ரயில்ல வரணும்னு எல்லாம் வாசிச்சேன். அவரு தலையாட்டிக்கிட்டே கேட்டாரு. கடைசிப் பக்கம் வந்ததும் வாசிக்கிறதை நிறுத்திட்டேன். "என்ன புள்ள நின்னுட்ட?"ன்னாரு. நான் அவருகிட்ட இதுவரைக்கும் எந்தக் காயிதத்தையும் மறைச்சதில்லை. அதையும் வாசிச்சுட்டேன்.

பொண்ணோட அப்பா உன் தணிக்கை இலாகாவுலயே பெரிய பதவியில இருந்து ரிட்டையர் ஆனவரு, கல்யாணத்துக்கு ஆபீஸ் ஆளுங்க நிறையப் பேரு வருவாங்க, பஞ்சாயத்துப் பணத்தைக் கைக்காசுல கட்டணும்னு அய்யா மேல சர்சார்ஜ் போட்ட சங்கதி அதுல யாருக்காச்சும் ஞாபகம் இருக்கும், அதனால பத்திரிகையில அழைக்கிறவரு பேராத் திண்டுக்கல் மாமன் பேரைப் போட்டுரலாம், அய்யா உடம்பைச் சாக்கு சொல்லி ஊருலயே இருந்துக்கட்டும்னு எழுதிருந்த. அதுக்குக் கீழ, "நான் அவரை எப்பவோ மன்னித்துவிட்டேன்"னு அழகான எழுத்துல ஒரு வரி. உங்க அய்யா காயிதத்தை வாங்கி மடிச்சுக் குடுத்தாரு. அப்புறம், "அவன் சொல்றது நியாயம்தான். மாமன் பேரே இருக்கட்டும், சரின்னு எழுதிரு"ன்னு சொல்லிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னு தொட்டியைத் தடவிக்கிட்டே எந்திரிச்சுப் போனாரு. மாடு அப்பத்தான் தண்ணி குடிச்சிருந்துச்சு.

அவரு சொன்னபடி நான் எழுதப் போறதில்லை. ஏலே, மன்னிக்கிறதுக்கு நீ யாருலே? மன்னிக்கிறதுக்கு அவரு என்ன பண்ணுனாரு? உனக்குத் தணிக்கை ஆட்சேபணை தெரியும், அதைப் பாராப் பாராவா எழுதத் தெரியும், எந்த ரூல்ல எதைக் கேக்கணும்னு தெரியும். நம்ம வீட்டுல நடந்தது தெரியாது. தெரியாம வச்சது எங்க தப்பு. வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இம்புட்டு வருசம் இருந்துட்டேன், இனி முடியாது. பொறுமையா உக்காந்து இதை முழுசும் படி. நடுவுல மடிச்சுப் பையில வச்சிராத.

நம்ம ஊரு சின்ன ஊருதான், ஆனாலும் பஞ்சாயத்து உண்டு, உங்க அய்யா அப்ப அதுக்குப் பிரசிடெண்டு. மழை பொய்ச்ச அந்த வருசம் நீ திண்டுக்கல் ஹாஸ்டல்ல இருந்து பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருந்த. குஜிலியம்பாறை சுத்துவட்டாரத்துல ஒரு கிணத்துலயும் வாளி நனையல. மானாவாரிக் காடு பூராவும் வெடிச்சுக் கெடந்துச்சு. அப்பத்தான் குடிதண்ணிக் கிணறு ஒண்ணுக்கு சர்க்கார் உத்தரவு குடுத்துச்சு. வெட்டுறதுக்கு வேடசந்தூர்ப் பக்கமிருந்து ஆளுங்க குடும்பம் குடும்பமா வந்து குடிசை போட்டாங்க. அவங்களுக்கு மேஸ்திரி சடையன்னு ஒருத்தரு. நல்ல உசரம், பேச்சு மட்டும் பூனை மாதிரி மெதுவா வரும். முதல் வாரக் கூலியை ரூபாயாத்தான் உங்க அய்யா எடுத்து நீட்டுனாரு. சடையன் வாங்கல. "எசமான், துட்டை வாங்குனா நாங்க சந்தைக்குப் போகணும். போற அன்னைக்குக் கூலி போச்சு. போனாலும் கம்பு வெலை வாரத்துக்கு வாரம் ஏறிக்கிட்டே போகுது. எங்களுக்குக் கம்பாவே அளந்து விட்டுருங்க, பிள்ளைக கஞ்சி குடிக்கும்"னு கையெடுத்துக் கும்பிட்டாரு.

உங்க அய்யாவுக்கு அது நியாயமாப் பட்டுச்சு. எனக்கும் பட்டுச்சு. கூலிப் பணத்தை எடுத்துக்கிட்டு, வண்டி கட்டிக்கிட்டு, ஆயக்குடி தாண்டி விளைச்சல் இருந்த ஊருகளுக்குப் போனாரு. களத்துமேட்டுலயே வெலை பேசிக் கம்பு வாங்கிட்டு வந்தாரு. ரசீது வாங்கலையான்னு இப்ப நீ கேப்ப. களத்துல கம்பு அளக்குறவன்கிட்டப் போயி ரசீது எழுதிக் குடுன்னு கேட்டா, "என்னைய நம்பலையா"ன்னு படியைக் கீழ போட்டுட்டுப் போயிருவான். நம்ம ஆளுங்க யாரும் கேட்டதும் இல்லை, குடுத்ததும் இல்லை. வீட்டுக்கு வந்த கம்பை நான்தான் அளந்தேன், அப்பு. முதல் படிக்கு ஒண்ணுன்னு எண்ணாம லாபம்னு சொல்லி ஆரம்பிச்சு, இந்தக் கையால ஒவ்வொரு குடும்பத்துக்கும் அளந்து விட்டேன். தலை தட்டி அளக்கப் பாத்தேன். "பாறையை உடைக்கிறவங்க, கும்பமா அளந்து விடு புள்ள"ன்னாரு. வாங்கிட்டு வந்தது பத்தாத வாரம் நம்ம குதிருல இருந்தும் எடுத்துப் போட்டோம். அதை அவரு கணக்குல சேக்கச் சொல்லல.

பஞ்சாயத்துக் கிளார்க்குதான் கூலிப் பட்டியல் எழுதுனாரு. மஸ்டர் ரோல்னு நீங்க சொல்ற அந்தக் காயிதத்துல ரூபாய்க்குத்தான் இடம் இருக்கு, கம்புக்கு இடம் இல்லைன்னு சொல்லி, எல்லாருக்கும் ரூபாய் குடுத்ததா எழுதி ரேகை வாங்கிட்டாரு. நான் வாசிச்சுப் பாத்துட்டு, "இதுல ரூபாய் குடுத்ததால்ல இருக்கு"ன்னு உங்க அய்யாகிட்டச் சொன்னேன். "ரூபாய்க்குத்தானே கம்பு வாங்குனோம். எல்லாம் ஒண்ணுதான்"னு கையெழுத்தைப் போட்டாரு. நானும் அதோட விட்டுட்டேன். காயிதத்துல ஒண்ணை எழுதிட்டு நிசத்துல வேற ஒண்ணைச் செஞ்சா அது பொய்க்கணக்குன்னு எங்க ரெண்டு பேருக்கும் அன்னைக்கு உறைக்கல. இன்னைக்கு உறைக்குது. அதை நான் மறுக்கல. ஆனா பொய்க்கணக்கு வேற, திருட்டு வேற.

கிணத்துல தண்ணி வந்துச்சு. நல்ல தண்ணி. பருப்பு மலர வேகும். ஊரே வந்து மொண்டுச்சு. மறு வருசம் யாரோ மொட்டைக் கடுதாசி போட்டுட்டாங்க, பிரசிடெண்டு கூலியை முழுங்கிட்டாருன்னு. எழுதுனது யாருன்னு எனக்குத் தெரியும், பேரு சொல்ல மாட்டேன், அவன் பிள்ளையும் குட்டியுமா நல்லாத்தான் இருக்கான். தணிக்கைக்கு ஒரு ஆடிட்டர் வந்தாரு. நெத்தியில விபூதி, கையில குடை, நம்ம வீட்டுல மோர் குடுத்தாக்கூட வாங்கல. நேர்மையான மனுசன். இன்னைக்கு வரைக்கும் அவரை என்னால திட்ட முடியல, அதுதான் என் கஷ்டம். அவரு முதல்ல திண்டுக்கல் ரோட்டுல ஜல்லி உடைச்சுக்கிட்டிருந்த சடையன்கிட்டப் போயி ஜீப்பை நிறுத்திருக்காரு. "இந்தக் காயிதத்துல இருக்கிற மாதிரி உங்களுக்கு ரூபாய் குடுத்தாங்களா?"ன்னு கேட்டிருக்காரு. சடையன் உள்ளதைச் சொல்லிருக்காரு. "இல்லீங்க சாமி. துட்டை நாங்க கண்ணால பாக்கல." எல்லாரையும் தனித்தனியாக் கேட்டிருக்காரு. எல்லாரும் அதையேதான் சொல்லிருக்காங்க.

அப்புறம் நம்ம வீட்டுக்கு வந்தாரு. அவங்க சொன்னதை எழுதி வச்சிருந்தாரு, அதைப் படிச்சுக் காட்டுனப்ப உங்க அய்யா, "கம்பாக் குடுத்தோம்யா"ன்னு ஒத்தை வார்த்தை சொன்னாரு. எனக்குப் பொறுக்கல. அடுப்படியில இருந்து வெளிய வந்து, "நான்தாங்க அளந்தேன். இந்தப் படியிலதான் அளந்தேன்"னு படியைக் கொண்டாந்து அவரு முன்னால வச்சேன். அவரு கோவப்படல. "அம்மா, நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம். கம்பு வாங்குனதுக்கு ரசீது இருக்கா? கூலியைக் கம்பாக் குடுக்க உத்தரவு இருக்கா? ரூபாய் குடுத்ததா எழுதி ரேகை வாங்கிருக்கீங்களே, அது பொய்தானே?"ன்னாரு. பிரசிடெண்டு பொண்டாட்டி சொல்றதை எழுதிக்க முடியாதும்மான்னு சொல்லிட்டுக் குடையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாரு.

சங்கதி தெரிஞ்சதும் சடையன் ஓடி வந்தாரு. அம்புட்டுப் பெரிய ஆளு, வாசப்படியில உக்காந்து பச்சப்பிள்ளை மாதிரி அழுதாரு. "துட்டு வாங்குனியான்னாரு தாயி, இல்லைன்னேன். கம்பு வாங்குனோம்னு சொல்ல வாயெடுத்தேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னுட்டாரு. இப்படி வந்து முடியும்னு தெரிஞ்சிருந்தா கால்ல விழுந்தாச்சும் சொல்லிருப்பேனே"ன்னாரு. ஆளுங்களையெல்லாம் கூட்டிக்கிட்டு பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்குப் போயி, கம்பு வாங்குனோம்னு எழுதிக் குடுக்கக் கிளம்புனாங்க. அம்புட்டுத் தூரம் நடந்து வந்தவங்கன்னு நான்தான் கஞ்சியும் துவையலும் குடுத்து அனுப்புனேன். அந்தக் கஞ்சியே வினையாப் போச்சு. "பிரசிடெண்டு வீட்டுல சாப்பிட்டுட்டு வந்த சாட்சி"ன்னு ஒதுக்கிட்டாங்க.

கூலி மொத்தத்தையும் சொந்தப் பணத்துல கட்டணும்னு சர்சார்ஜ் உத்தரவு வந்துச்சு. அப்ப நீ மதுரையில காலேஜ் சேந்துட்ட. லீவுக்கு வந்தவன் சாப்பாட்டுத் தட்டு முன்னால உக்காந்து, "தப்பு பண்ணலைன்னா ஏன்யா அப்பீல் போகல?"ன்னு கேட்ட. அவரு, "கட்டியாச்சுல்ல, விடு"ன்னாரு. நீ தட்டைத் தள்ளி வச்சுட்டு எந்திரிச்ச. உனக்குப் பிடிக்குமேன்னு கத்திரிக்கா வெஞ்சனம் வச்சிருந்தேன், ஒரு வாய் வைக்கல. அன்னைக்கே உனக்குச் சொல்லிருக்கணும். "படிக்கிற பையன், அவன் தலையில இதை ஏத்தாத"ன்னு இவரு தடுத்துட்டாரு. அந்தக் கேள்விக்குப் பதிலை இப்ப நான் சொல்றேன், கேட்டுக்க.

கிழக்குக் காலனிக்கு ஒரு கிணறு வேணும்னு உங்க அய்யா எழுதிப் போட்டு, அதுக்கும் எஸ்டிமேட் ஆகியிருந்துச்சு. ஊருக் கிணத்துல அவங்களை எறைக்க விட மாட்டாங்க. நம்ம ஊரு லட்சணம் அது, எனக்குச் சொல்லவே வெக்கமாருக்கு. அந்தப் பொம்பளைக ஓடை மணல்ல ஊத்துத் தோண்டி, கொட்டாங்கச்சியில மொண்டு மொண்டு குடத்தை ரொப்பிக்கிட்டிருந்தாளுக. யூனியன் ஆபீசுல, "தணிக்கை ஆட்சேபணை தீர்ற வரைக்கும் இந்தப் பஞ்சாயத்துக்குப் புது வேலை எதுவும் கெடையாது"ன்னுட்டாங்க. அப்பீல் போனா எம்புட்டு நாளாகும்னு இவரு கேட்டாரு. ரெண்டு வருசமும் ஆகும், மூணு வருசமும் ஆகும்னாங்க. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பாத்தாரு. அப்புறம், "நான் நல்லவன்னு சர்க்காருக்கு நிரூபிக்கிற வரைக்கும் அவளுக மணலையா குடிப்பாளுக? நம்ம ஓடைக்காட்டை வித்துக் கட்டிருவோம்"னாரு. நான் சண்டை போட்டேன். மூக்கைச் சிந்திக்கிட்டுத் தலைமுழுகாத குறையாச் சண்டை போட்டேன். என் நகையைக் கழட்டி விட்டெறிஞ்சேன். அந்தக் காட்டை வித்தாரு, பணத்தைக் கட்டுனாரு, பதவியும் போச்சு. ஆட்சேபணை தீந்துச்சு. காலனிக் கிணத்தை அடுத்து வந்த பிரசிடெண்டு வெட்டுனாரு. கல்லுல அவரு பேருதான் இருக்கு.

பணத்தைக் கட்டுனதே தின்னதுக்குச் சாட்சியாப் போச்சு, உனக்கும் ஊருக்கும். டீக்கடைப் பக்கம் போனா வெடலைப் பயலுக "கம்புப் பிரசிடெண்டு வாராரு"ன்னு சிரிப்பானுக. போறதை நிறுத்திட்டாரு. சொத்துப் பாகம் பிரிக்கிற பஞ்சாயத்துக்கு முன்னால ஆளனுப்பிக் கூப்பிடுவாங்க, அதுவும் நின்னு போச்சு. இம்புட்டுக்கும் அப்புறம் நீ பரீச்சை எழுதி அதே தணிக்கை இலாகாவுல சேர்ந்தப்ப, இந்த மனுசன் என்ன பண்ணுனாரு தெரியுமா? கடையில சீனி வாங்கி வீடு வீடாக் குடுத்துட்டு வந்தாரு. "என் மகன் சர்க்கார் காசுக்குக் காவல்"னு சொல்லிச் சொல்லிக் குடுத்தாரு. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. "ஏங்க, உங்களைக் கவுத்த இலாகா"ன்னேன். "அவங்க பாக்காம விட்டா நாட்டையே தின்னுருவானுக, புள்ள. எனக்கு நடந்ததுக்காக அந்த வேலை கெட்ட வேலை ஆயிருமா?"ன்னாரு. இந்த ஆளைத்தான் நீ மன்னிச்சிருக்க.

இன்னொண்ணும் உனக்குத் தெரியாது. போன வருசம் சட்டசபை மெம்பருங்க கமிட்டி ஒண்ணு நம்ம பக்கம் வந்துச்சு. சர்க்கார் செலவழிச்ச பணம் ஒழுங்காப் போய்ச் சேந்துச்சா, தணிக்கையில சொன்ன குத்தத்துக்கெல்லாம் என்ன நடவடிக்கை எடுத்தாங்கன்னு பாக்குற கமிட்டியாம். கார் வரிசையா வந்து நம்ம கிணத்துக்கிட்ட நின்னுச்சு. நல்ல வெயிலு. ஒரு மெம்பரு ஒரு செம்புத் தண்ணியை வாங்கி அண்ணாந்து குடிச்சுட்டு, "அடேயப்பா, என்ன ருசி"ன்னாரு. இன்னொரு செம்பும் கேட்டு வாங்கிக் குடிச்சாரு. அப்புறம் கையில இருந்த காயிதத்தைப் பாத்து, "இதுலதானே கூலி மோசடி? பணம் வசூலாயிருச்சா?"ன்னாரு. கூட வந்த ஆபீசரு, "முழுசும் வசூலாயிருச்சுங்க சார்"ன்னாரு. "சந்தோசம்"னு சொல்லி ஏதோ குறிச்சுக்கிட்டாரு. உங்க அய்யா கூட்டத்துல என் பக்கத்துலதான் நின்னாரு. நான் முன்னால போக எட்டு வச்சேன். கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. "விடு புள்ள. மறுபடி கிளறுனா ஊருக்கு வர்ற அடுத்த வேலையும் நிக்கும். பள்ளிக்கூடத்துக்கு ஓடு போடணும்"னு காதுல சொன்னாரு. கார் கிளம்பிப் போச்சு.

அந்த மெம்பரு மேலயும் எனக்குக் கோவம் இல்லை. பணம் திரும்பி வந்துச்சான்னு பாக்கத்தான் வந்தாங்க. வந்துருச்சு. அதைக் கட்டுனவன் எதை வித்துக் கட்டுனான்னு அவங்க காயிதத்துல எழுதிருக்காது. உன்கிட்ட நான் கேக்குறது ஒண்ணுதான். எந்த ஊருக்குத் தணிக்கைக்குப் போனாலும், கூலிக்காரன் "துட்டு வாங்கல"ன்னு சொன்னா, பேனாவை மூடிராத. "அப்ப என்ன வாங்குன?"ன்னு கேளு. அதுக்கு ஒரு நிமிசம் கூட ஆகாது, அப்பு. திருடனா இருந்தா அதுலயும் மாட்டத்தான் செய்வான். விட்டுக் குடுக்கச் சொல்லல. திருடனை நீ விட்டா உங்க அய்யாவே உன்னைச் சும்மா விட மாட்டாரு.

இனி கல்யாணப் பேச்சு. நேத்துக் காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சுத் திண்டுக்கல் போனேன். அங்க இருக்கிற உன் மாமன் கடைப் பக்கம் போகல. நேரா அச்சாபீசுக்குத்தான் போனேன். அங்க இருந்தவரு, "அழைக்கிறவங்க பேரு என்னம்மா?"ன்னு கேட்டாரு. உங்க அய்யா பேரைச் சொன்னேன். அதுக்குக் கீழ "முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர்"னு கொட்டை எழுத்துல போடச் சொன்னேன். அடிச்சு முடிக்கிற வரைக்கும் அங்கயே உக்காந்திருந்து, நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி உனக்குப் பார்சல் அனுப்பிருக்கேன், இந்தக் கடுதாசிக்குப் பின்னாலயே வரும். அதை முதல்ல உன் மாமனார் கையில குடு. அவரும் தணிக்கைக்காரருதானே, கேக்கட்டும். கேட்டா இதை எடுத்துக் காட்டு. உனக்கு அது ஒத்து வராதுன்னா, வேற பத்திரிகை அடிச்சுக்க, நான் குறுக்க நிக்கல. அதுல உன் மாமன் பேரு இருந்தா, மணவறையிலயும் மாமனையும் அத்தையையுமே நிக்கச் சொல்லிரு. எனக்கு ரயில் டிக்கெட்டு எடுக்க வேண்டாம். கண் தெரியாத மனுசனை இங்க ஒத்தையில விட்டுட்டு வந்து உனக்கு ஆரத்தி சுத்த என்னால முடியாது.

இதெல்லாம் அவருக்குத் தெரியாது. மாமன் பேருக்குச் சரின்னு எழுதுறதா நெனச்சுக்கிட்டு, வேப்பமரத்தடியில கட்டிலை இழுத்துப் போட்டுக் கயிறு திரிச்சுக்கிட்டிருக்காரு. இப்பத்தான், "எழுதிட்டியா?"ன்னு குரல் குடுத்தாரு. எழுதிக்கிட்டிருக்கேன்னேன். முறுக்குன கயித்தை இழுத்துப் பாத்துட்டுச் சொல்றாரு: "பையன் மனசு நோகாம எழுது, புள்ள."

உன்னைப் பெத்தவ